குளிர்ந்து கிடப்பது செத்ததல்ல

எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவந்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "ஆர் சொன்னது என்ரை பெயரைப் போடச் சொல்லி?" என்று முல்லைத்தீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கிவிடுவார். தூரம், மழை, என்னுடைய இரத்த அழுத்தம் எதையும் பார்க்கமாட்டார். மகன் அந்தப் பக்கம் கலியாணம் கட்டி அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகமாட்டேன் என்று ஒன்றரை வருடம் சண்டை பிடித்துவிட்டுத்தான் போனார்.

"ஆர் சொன்னது?" என்பது அவருக்குக் கேள்வியே இல்லை. காலை ஏழரைக்குச் சல்லிக் கடற்கரையிலிருந்து லிங்கநகருக்குள் நுழையும்போது ஹோர்ன் சத்தம் முதலில் வரும், அந்த வார்த்தை இரண்டாவதாக வரும், மீன் மூன்றாவதுதான்.

"அக்கா, பாரை பழசு போலக் கிடக்குது."

"ஆர் சொன்னது?"

"அக்கா, மழை வரப்போகுது."

"ஆர் சொன்னது?"

மழை பெய்துகொண்டிருந்தபோதே ஒருதரம் அப்படிக் கேட்டார். நான் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் நான் தம்பி, அவர் அக்கா. முதல் நாள் மீனை வாங்கும்போது திருக்கையின் வாலைக் கண்டு நான் ஓரடி பின்னுக்குப் போனேன். அந்த ஓரடியிலேயே உறவுமுறை தீர்ந்துவிட்டது. பயந்தவன் எவனாக இருந்தாலும் அவருக்குத் தம்பிதான். இந்தக் கணக்கில் அவருக்குத் திருகோணமலையில் நிறையத் தம்பிமார் இருந்தார்கள்.

ஒல்லியான மனுசி. சட்டைக்கு மேலே ஆம்பிளைச் சேட்டு ஒன்றைக் கை மடித்துப் போட்டிருப்பார். ஸ்கூட்டியின் பின்னால், ஐஸ் போட்டு மீன் வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருக்கும். கதைக்கும்போது நாடியை மேலே தூக்குவார், இடக்கண் பாதி மூடிக்கொள்ளும். அந்தப் பாதிக் கண்ணுக்கு எதிரே நின்று விலை குறைத்துக் கேட்ட வீரனை நான் இன்னும் காணவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் இளைப்பாறிய அதிபர் ஒருவர் இருக்கிறார். மீன்காரரால் காகம் கூடுகிறது, காகத்தால் தன் கிணறு பழுதாகிறது என்று, ஒழுங்கை முகப்பில் ஒரு பலகை அடித்தார். 'மீன் வியாபாரிகள் உட்செல்லத் தடை.' மறுநாள் அக்கா வந்தார். ஸ்கூட்டியை நிறுத்தினார். பலகையை எழுத்துக்கூட்டி ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "நல்ல எழுத்து" என்றார். பிறகு பலகை தொங்கிய ஆணியிலேயே தராசைக் கொழுவிவிட்டு ஹோர்னை அழுத்தினார். உள்ளே போகத்தானே தடை? ஒழுங்கை முழுவதும் பாத்திரத்தோடு வெளியே வந்தது. அதிபரின் மனைவியும் வந்தார். ஒரு கிழமையில் பலகை காணாமற் போயிற்று. காற்று கொண்டுபோய்விட்டது என்று அதிபர் சொன்னார். அந்தக் கிழமை காற்றே அடிக்கவில்லை.

இன்னொருமுறை படகுத்துறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு கிழமை ஓய்வு என்று சொல்லி டொக்டர் மாவுக்கட்டுப் போட்டார். மூன்றாம் நாள் அக்கா வந்தார். கட்டின்மேல் ஒரு சொப்பிங் பை, அதன்மேல் மீன் செதில். சோதனைக்கென்றே வந்ததுபோல, அந்த டொக்டர் எங்கள் ஒழுங்கையில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"உங்களை ஓய்வெடுக்கச் சொன்னனான் அல்லோ?"

"கைக்குத்தானே டொக்டர் சொன்னியள். அது படுத்துக் கிடக்குது, பாருங்கோ. மற்றக் கை என்ன குற்றம் செய்தது?"

டொக்டர் அரைக்கிலோ சூடை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கடலுக்குப் போகவேண்டாம் என்று வானொலி சொன்னால் அக்கா ஒரு வார்த்தை பேசமாட்டார். தங்கள் படகைத் தானே முதல் ஆளாக இழுத்து மேலே ஏற்றுவாராம். "என்னக்கா, கடலிட்டை மட்டும் 'ஆர் சொன்னது' இல்லையோ?" என்று ஒருநாள் சீண்டினேன். "கடலோடை எதிர்க்கதை இல்லைத் தம்பி. அதுக்குக் காது இல்லை. நான் காது உள்ள ஆக்களோடைதான் சண்டை பிடிப்பன்" என்றார்.

இனி என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

ஆட்டுப்பால் உடம்புக்கு நல்லது என்று கந்தோரில் யாரோ சொன்னதைக் கேட்டு நான் ஓர் ஆடு வாங்கினேன். நீண்ட காது, வளைந்த மூக்கு, எங்கள் மேலதிகாரியைப் போன்ற பார்வை. மனைவி அதற்கு, சிங்களத்தில் சீமாட்டியை அழைப்பதுபோல, 'நோனா' என்று பெயர் வைத்தாள். நோனா சினைப்பட்டபோது நான் கந்தோரில் இனிப்புக் கொடுத்தேன். ஆட்டு வளர்ப்பைப் பற்றி எல்லோருக்கும் விரிவுரை செய்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு வீடியோவின் முதல் பாதி. அதற்கு மேல் டேட்டா முடிந்துவிட்டது.

திருகோணமலையில் குளிர் என்றால், மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைப்பது. அதற்கு மேல் எங்களுக்குக் குளிர் தெரியாது. அந்த வருடம் கார்த்திகை முடிகிற நேரம் அப்படியில்லாத ஒரு குளிர் வந்தது. இரண்டு நாள் விடாத மழை, அதற்குள் ஐஸ் கலந்ததுபோல ஒரு காற்று. தம்பலகாமம் பக்கம் வயல்வெளியில் மாடுகள் நின்ற நின்ற இடத்தில் விழுந்து செத்துக் கிடக்கின்றன என்று கதை வந்தது. கந்தோரில் அதைக் கேட்டபோதும் நான் ஒரு பகிடி விட்டேன். அடுத்த நாள் விடியற்காலை நோனா குட்டி போட்டது.

இரண்டு குட்டிகள். மூத்ததை நோனா நக்கித் துடைத்து எழுப்பிவிட்டிருந்தது. இரண்டாவது, தார்ப்பாய்க்குக் கீழால் சறுக்கி வெளியே போய், மழைத் தண்ணீரில் கிடந்தது. தூக்கினேன். நனைந்த துவாய் மாதிரி என் கைக்கு இரண்டு பக்கமும் தொங்கிற்று. கழுத்து நிற்கவில்லை. கண் பாதி திறந்து, ஒன்றையும் பார்க்காமல் இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில், "ஐயோ" என்று சொன்னேன். பிறகு அயன் பெட்டியைச் சூடாக்கிப் போர்வையை அயன் பண்ணப் போனேன். கரண்ட் இல்லை. குட்டியை என் கந்தோர்ச் சேட்டில் சுற்றினேன். உலர்ந்த துணி வீடு நிறைய இருக்க, கைக்கு வந்தது அதுதான். ஒரு தேவாரத்தைத் தொடங்கி நடுவில் கரண்ட்காரரைத் திட்டி முடித்தேன். பிறகு தொலைபேசியை எடுத்து மிருக வைத்தியரை அழைத்தேன்.

"டொக்டர்! எங்கடை நோனாவுக்கு ரெண்டு பிள்ளை! ஒண்டு முடிஞ்சுது!"

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: "ஆர் சொன்னது?"

என் தொலைபேசிப் பட்டியலில் 'மிருக வைத்தியர்' என்பதற்கு அடுத்த பெயர் 'மீன் அக்கா'. நடுங்குகிற விரலுக்கு ஒரு வரி என்ன, இரண்டு வரி என்ன. பிறகு உண்மையான வைத்தியரையும் அழைத்தேன். நாலு தரம் அடித்தும் எடுக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு எத்தனை ஊரோ.

அக்கா வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆனது. பயம் வந்தால் சிலர் ஓடுவார்கள், சிலர் அழுவார்கள். நான் புதைக்கக் கிடங்கு வெட்டுகிற வகை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் வரும்போது குட்டி ஓர் உரப்பைக்குள் கிடந்தது. நான் மாதுளைக்குப் பக்கத்தில், சேறு பூசிய முழங்காலோடு, மண்வெட்டியும் கையுமாக நின்றேன்.

படகு எதுவும் கடலுக்குப் போகாத நாள். விற்க மீன் இல்லை. அந்த மனுசிக்கு வரவேண்டிய தேவையே இல்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்து, சேட்டு உடம்போடு ஒட்டி, நின்ற இடத்தில் தண்ணீர் வடிந்தது. உரப்பையைத் திறந்து குட்டியை எடுத்தார். காதை அதன் நெஞ்சில் வைத்தார். சின்னவிரலை அதன் வாய்க்குள் விட்டார்.

"வாய் ஐஸ்" என்றார். "பெட்டியைக் கழட்டுங்கோ."

"எந்தப் பெட்டி?"

"என்ரை பெட்டி. பிறகு சுடுதண்ணி. சோடாப் போத்தல் நாலைஞ்சு. நீங்கள் கட்டுற சாரம், காய்ஞ்சது. ஓடுங்கோ."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக் கதவடிக்குப் போனேன். வாசலில் என் மனைவி நின்றாள். பிள்ளையார் கதை விரதம் தொடங்கி இரண்டாம் நாள். இருபத்தொரு நாளும் எங்கள் வீட்டுப் படலைக்குள் மீன் என்ற சொல்லே வரக்கூடாது. நானோ மீனுடைய வீட்டையே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

"இஞ்சேருங்கோ! அதை அங்காலை கொண்டுபோங்கோ! விரத வீடு!"

"தங்கச்சி" என்றார் அக்கா, என் பின்னாலிருந்து. "பிள்ளையாருக்கு எங்களைவிட மூக்கு நீளம். வேண்டாமெண்டால் அவர் சொல்லுவார். நீங்கள் தண்ணியைக் கொதிக்க வையுங்கோ."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். அவள் உள்ளே போனாள். காஸ் அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. சுடுதண்ணீர் வந்தது, ஆனால் யன்னலால், கை முழு நீளம் நீட்டி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி.

யன்னலுக்கு வெளியே நின்றபடியே அக்கா குட்டியின் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக இரண்டுதரம் வீசினார். மூக்கால் சளி வடிந்தது. பிறகு சாக்கால் உரசினார். தடவுவது இல்லை, தேங்காய் துருவுவதுபோல. ஈரம் போகும்வரை உரசி, சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல்களை இரண்டு பக்கமும் அடுக்கினார். மூடியைப் பாதிக்கு மூடினார்.

"ஐஸ் பெட்டி அக்கா இது" என்றேன். "குளிர வைக்கிற சாமான்."

"இது உள்ளுக்கை இருக்கிறதை வெளியிலை விடாது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நீங்கள் ஐஸை வைச்சால் ஐஸ், சூட்டை வைச்சால் சூடு."

நான் அதற்குள் ஒரு கரண்டியில் பாலைச் சூடாக்கி ஓடி வந்திருந்தேன். வீடியோவின் முதல் பாதியில், பால் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. அக்கா என் கையில் ஓர் அடி போட்டார். பால் என் முகத்தில்.

"வாய் குளிரெண்டால் வயித்துக்கை அடுப்பு நூந்து கிடக்குது. நூந்த அடுப்பிலை உலை வைச்சு என்ன? முதல் சூடு. பிறகுதான் சாப்பாடு."

அரைமணித்தியாலத்துக்கு ஒருதரம் போத்தல் மாற்றினோம். ஒன்பது மணி. பத்து மணி. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதிற்று. குட்டி அசையவில்லை. ஒவ்வொருமுறையும் அக்கா விரலை அதன் வாய்க்குள் விட்டு, உடனே எடுத்தார். பத்தரைக்கு எனக்குத் தாங்க முடியவில்லை. எனக்குத் தாங்க முடியாமற் போனால் நான் பகிடி விடுவேன்.

"அக்கா, இது செத்து நேரமாச்சு. இனிச் சூடாக்கினால் கறிதான்."

அக்கா சிரிக்கவில்லை. நாடி உயர்ந்தது. இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன. அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை.

"குளிர்ந்து கிடக்கிறது செத்ததில்லைத் தம்பி. சூடாக்கிப் பார்த்து, அந்தச் சூட்டோடையும் எழும்பாட்டித்தான் செத்தது. அப்ப நான் ஒத்துக்கொள்ளுவன். நீங்கள் வெட்டின கிடங்கிலை நானே வைப்பன். அதுக்கு முதல் ஒருத்தரும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

போத்தலுக்குத் துணி சுற்றிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "என்ரை மூத்தவன் எட்டாம் மாசத்துப் பிள்ளை. உள்ளங்கையளவு. துணியிலை சுத்திக் கொண்டுவந்து, 'பாத்துட்டுத் தாங்கோ' எண்டு தந்தவை. நான் வாங்கி நெஞ்சுக்குள்ளை வைச்சன். திருப்பிக் குடுக்கேல்லை."

நான் போத்தலின் மூடியை இறுக்கினேன்.

"இப்ப ஆறடி" என்றார் அக்கா. "சொதியிலை உப்புக் காணாதெண்டு என்னோடை சண்டை."

அடுத்த போத்தலுக்காக யன்னல் பக்கம் திரும்பினேன். மனைவி யன்னலில் இல்லை. வெளியே வந்து, பெட்டிக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் கண்டது அவள்தான். "காது" என்றாள்.

இடது காது. ஓர் இலையளவு அசைவு. அக்கா விரலை வாய்க்குள் விட்டார். இந்த முறை உடனே எடுக்கவில்லை.

"இழுக்குது" என்றார். "தம்பி, விரலை இழுக்குது!"

நோனாவின் மடியிலிருந்து கடும்பை, அந்த முதற்பாலை, கறந்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். ஒரு மணிக்குக் குட்டி, நாலு காலும் நாலு திசை பார்க்க, எழுந்து நின்றது. விழுந்தது. எழுந்தது. நான் வெற்றி வீரனைப்போல அதைத் தூக்கிக்கொண்டுபோய் நோனாவுக்கு முன்னால் விட்டேன். நோனா மணந்து பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து ஒரே முட்டு. குட்டி என் காலடியில் வந்து விழுந்தது.

ஆறு மணித்தியாலம் மீன் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை. ஆட்டு மணமே இல்லை. நோனாவைப் பொறுத்தவரை, யாரோ ஒரு சூரைமீனுக்குக் கால் முளைத்து வந்து பால் கேட்கிறது.

அக்கா நோனாவின் பாலையே குட்டியின் முதுகிலும் வாலிலும் பூசிப் பார்த்தார். இன்னொரு முட்டு. தாய் சேர்க்காத குட்டியை இந்தக் குளிரில் எத்தனை நாளைக்குப் போத்தலோடு காப்பது? அக்கா சற்று யோசித்தார். ஸ்கூட்டிச் சீற்றைத் திறந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே யாருக்கோ கொண்டுவந்த கருவாடு.

"தங்கச்சி, கண்ணை மூடுங்கோ" என்றார்.

"பிள்ளையாரே" என்று மனைவி கண்ணை மூடினாள்.

கருவாட்டைத் தண்ணீரில் நனைத்து, நோனாவின் மூக்கில் பூசினார். மூத்த குட்டியின் முதுகில் பூசினார். இளையதன் வாலில் பூசினார். என் கையிலும் பூசினார். அது எதற்கென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. "இனி எல்லாருக்கும் ஒரே மணம். எது ஆரின்ரை பிள்ளையெண்டு மூக்கைக் கேட்டு வேலையில்லை."

நோனா தும்மிற்று. மூத்ததை மணந்தது. இளையதை மணந்தது. மீண்டும் மூத்ததை. எங்கு திரும்பினாலும் கருவாடு. மேலதிகாரிகளுக்கே உரிய அந்தப் பெருமூச்சை விட்டுவிட்டு அசையாமல் நின்றது. இளையது தட்டுத்தடுமாறிப் போய் மடியைப் பிடித்தது. சின்ன வால் ஆடத் தொடங்கிற்று.

நான் கைதட்டினேன். அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கை, காலையில் உரப்பைக்குள் நான் போட்ட குட்டியின் குளிர். உதடு நீலம் பாரித்திருந்தது. சல்லியிலிருந்து நனைந்து வந்த உடுப்போடு, ஏழு மணித்தியாலமாக அந்தக் காற்றில் நின்றிருக்கிறார். வீட்டிலிருந்த சூட்டையெல்லாம் போத்தலில் அடைத்து ஆட்டுக்குக் கொடுத்தோம். அவருக்கு ஒரு துவாய் கொடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, நீங்கள் நடுங்கிறியள்."

"ஆர் சொ..." பல் அடித்து வார்த்தை முடியவில்லை.

மனைவி குடையைக் கீழே போட்டாள். "உள்ளுக்கு வாங்கோ."

"வேண்டாம் தங்கச்சி, விரத வீடு. நான் முழுக்க மீன்."

"உள்ளுக்கு வாங்கோ எண்டனான்."

கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஈரச் சேட்டைக் கழற்ற வைத்து, விரதப் பூசைக்கென்று தோய்த்து மடித்து வைத்திருந்த தன் சேலையை எடுத்து அவரைச் சுற்றினாள். அடுப்படியில் கதிரை போட்டு இருத்தினாள். மிச்சமிருந்த போத்தல்களை மடியில் வைத்தாள். அக்கா கஞ்சிக் கோப்பைக்குக் கை நீட்ட, மனைவி அதை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள்.

"முதல் சூடு. பிறகுதான் சாப்பாடு."

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு அவர் இருந்ததை நான் அந்த ஒரு தரம்தான் கண்டேன்.

பின்னேரம் மழை விட்டது. அடுப்படியில் அக்கா கதிரையிலேயே நித்திரை. பக்கத்து மதிலுக்கு மேலால் அதிபரின் தலை எழும்பிற்று. மூக்கு இரண்டுதரம் விரிந்து சுருங்கிற்று.

"என்ன பிள்ளை, விரத வீட்டிலை மீன் மணக்குது?"

ஆடு, குளிர், கருவாடு, மருந்து என்று ஒரு விளக்கத்தை மனத்துக்குள் அவசரமாக அடுக்கினேன். மனைவி என்னைப் பேசவிடவில்லை. அக்காவைப் பிடித்ததில் கருவாடு பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மதிலடிக்குப் போனாள்.

"ஓம் சேர், மணக்குது" என்றாள். "ஆறு மணிக்குப் பிள்ளையார் கதை படிக்கிறம். வாறதெண்டால் வாங்கோ."